கழிமுகத்து வீட்டில் ஓர் ஆணி

பையைத் தரையிலேயே வையுங்கள். தயங்க வேண்டாம். இந்த வீட்டில் பை வைப்பதற்கென்று தனியாக ஓர் இடம் கிடையாது. ஆகவே எந்த இடமும் அதற்கு உரிய இடந்தான். தரை சுத்தமானது. காலையில் நானே துடைத்தேன். இருக்கையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இருக்கை மனிதர்களுக்கு.

உங்கள் கணவர் வெளியே நின்று அளந்துகொண்டிருக்கட்டும். வந்ததும் டேப்பை எடுத்துவிட்டார். இங்கு வருகிற ஆண்கள் எல்லாரும் முதலில் நீளத்தையும் அகலத்தையும்தான் பார்க்கிறார்கள். நீங்கள் நேராக உள்ளே வந்து ஆற்றைப் பார்த்தீர்கள். அது சரியான தொடக்கம். இளமாறன் தொலைபேசியில் சொன்னார், ஆற்றங்கரையில் மனை வாங்கியிருக்கிறார்கள், உங்கள் வீட்டைப் போலவே ஒன்று வேண்டுமாம், காட்டுங்கள் டீச்சர் என்று. இளமாறன் இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவர். திருநெல்வேலிக்காரர். அவர் அனுப்பி இதற்கு முன்பும் பலர் வந்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். போய், முகப்பில் சிங்கம் வைத்து வீடு கட்டுகிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

கோயில் முக்கில்தானே வழி கேட்டீர்கள்? என்ன சொன்னார்கள்? சிரிக்கிறீர்கள். ‘புருசன வெரட்டிட்டு ஒத்தையில இருக்காவளே, அந்த டீச்சர் வீடா’ என்று கேட்டிருப்பார்கள். சொல்லட்டும். நான் யாரையும் விரட்டவில்லை. என் கணவர் மூன்று வீடு தள்ளி, தம் அக்காள் வீட்டில் இருக்கிறார். நாள்தோறும் சாயங்காலம் இங்கே வருகிறார். வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போகிறார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு. மணமுறிவு, வழக்கு, அப்படி ஒன்றும் கிடையாது. ஊரார் வாயால் அரைகுறையாகக் கேட்பதைவிட, என் வாயால் முறையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் வீடு கட்டப்போகிறவர். உங்களுக்குப் பயன்படும்.

முதலில், இந்த வீடு ஏன் இப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த என் மாமியார் வீட்டில். அந்த வீட்டில் சுவர் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சுவர் இருந்தது; கண்ணுக்குத் தெரியாது. இறந்துபோன பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள், கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒரு மாமா, எல்லாரும் சட்டத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். குருத்தோலை ஞாயிற்றில் மடித்த ஓலைச் சிலுவைகள் ஆண்டுவாரியாகக் காய்ந்து தொங்கும். கடை கடையாகக் கொடுத்த நாட்காட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓடாத கடிகாரம் ஒன்று. அதை இறக்கலாமா என்று கேட்டதற்கு, ‘அது எங்க அய்யா சாவி குடுத்தது’ என்றார்கள். ஒரு துடுப்பு. ஆமாம், வீட்டுக்குள் துடுப்பு. எங்கள் கல்யாண மாலையைக்கூடக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மாட்டிவிட்டார்கள். அது கறுத்து, சருகாகி, பிறகு பூச்சி வைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் இலக்கணம் நடத்திவிட்டு வந்து, ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துவேன். என் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி கேட்டேன். சுவரில் இடமில்லை என்றார்கள். என் வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதையும் பிறர் வீட்டு இறந்தவர்களின் கண்களுக்குக் கீழே உறங்கிக் கழித்தேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காரணமாகச் சொல்கிறேன்.

என் கணவர் கஸ்பார் அந்த வீட்டில் பிறந்தவர். அவருக்கு அது வீடாகத் தெரிந்தது. துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் என்ஜின் டிரைவராக இருந்தார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வரும், அந்தச் சின்னக் கப்பல். ஒருமுறை என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவருடைய அறை இந்த இருக்கை அளவுதான் இருக்கும். சட்டை, விளக்கு, தேநீர்க் குவளை, செபமாலை, எல்லாம் ஆணியில். ஏன் இப்படி என்று கேட்டேன். ‘தரையில வச்சா அல அடிக்கிறப்ப ஓடிப்போகும், டீச்சர். ஆணியில மாட்டுனா ஆடும், ஆனா அங்கனயே நிக்கும்’ என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் அழைக்கிறார். முதலில் கேலியாகத் தொடங்கியது, பிறகு பெயராகிவிட்டது. ஆறடி உயரம். அந்த அறையில் குனிந்து குனிந்து பழகி, வீட்டிலும் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார்.

மாமியார் காலமாகி, தூத்துக்குடி வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபோது, இந்த மனை அவர் பங்குக்கு வந்தது. மூன்று வீடு தள்ளி இருப்பது அவருடைய அக்காள் செலஸ்தீனா மைனியின் வீடு. நானும் பணி ஓய்வு பெற்றிருந்தேன். வீடு கட்டலாம் என்றார். நான் ஒரு நிபந்தனை சொன்னேன்: இந்த வீட்டை நான் நினைத்தபடி கட்ட வேண்டும். சரி என்றார். சரி என்றார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளமாறன் முதலில் கொண்டுவந்த வரைபடத்தில் மாடம் இருந்தது, தூண் இருந்தது, மீன்தொட்டிகூட இருந்தது. ஒவ்வொன்றையும் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றார். அழகு தானாக வரும், நீங்கள் கூப்பிட வேண்டாம் என்றேன். பிள்ளை நல்ல பிள்ளை, புரிந்துகொண்டார். அடுத்த முறை பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் அதிலும் பாதியை அடித்தேன். கடைசியில் அவரே சொன்னார்: ‘டீச்சர், எளிமையா கட்டணும்னு நாங்க காலேஜ்ல படிச்சோம். நீங்க எங்க புரொபசரையே தூக்கிச் சாப்பிட்டுருவீங்க. ஒரு ஷெல்ப்பாவது விடுங்க.’ விடவில்லை. அதன் விளைவைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். ஒரு நீளமான கூடம். அதன் முழு அகலத்துக்கும் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே ஆறு, ஆற்றுக்கு அப்பால் மணல்திட்டு, திட்டுக்கு அப்பால் கடல். பின்னால் இரண்டு படுக்கையறைகள், ஒரு சமையலறை. சுவரோடு சுவராக அலமாரிகள்; கைப்பிடி கிடையாது, தொட்டால் திறக்கும். எங்கே அலமாரி, எங்கே சுவர் என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது. அதுதான் வேண்டும்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொடலாம். சுண்ணாம்புப் பூச்சு. பூசி, ஈரம் காயும் முன் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. நான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கை நடுங்கிய இடத்தில் மறுபடி தேய்க்கச் சொன்னேன். அந்தப் பூச்சுக்காரர் என்னைக் கண்டாலே ‘கூழாங்கல்லு டீச்சர் வாராவ’ என்பாராம். என் வாழ்வில் முதன்முறையாக எனக்கென்று ஒரு சுவர், முழுச் சுவர், யாரும் பார்த்துக்கொண்டிராத சுவர்.

அப்போது கஸ்பார் ஒன்று கேட்டார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை. பொதுவாகவே எதையும் கேட்கிற மனிதர் அல்லர். அதை அவருடைய நிறைவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கூடத்தின் நடுவில், கதவும் சன்னலும் வைக்காத நிலையில் நின்றுகொண்டு, ‘ஒரே ஒரு ஆணி மட்டும் அடிச்சுக்கிடலாமா, டீச்சர்?’ என்றார். எதற்கு என்றேன். ‘இருக்கட்டுமே, எதுக்காச்சும் ஒதவும்’ என்றார். எதற்காவது உதவும் என்பதுதான் உங்கள் வீட்டுச் சுவர் முழுவதும் தொங்கியது என்றேன். இளமாறன் சிரித்தார். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்றே நினைத்தேன்.

வீடு மந்திரிக்கிற நாள் வந்தது. நீங்கள் எங்கள் சபை இல்லை போலிருக்கிறது, ஆகையால் விளக்கிவிடுகிறேன். புது வீடு கட்டினால் பங்குச்சாமியார் வந்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, திரு இருதய ஆண்டவர் படத்தை நடுக்கூடத்தில் மாட்டி, வீட்டை அவர் கையில் ஒப்படைப்பார். அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பல்பு எரியும். என் மாமியார் வீட்டுப் படம் மிகப் பழையது, மிகப் பெரியது. குடும்பத்தில் யார் கடைசியாக வீடு கட்டுகிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். மைனி வீட்டிலிருந்து பெண்கள் பாடிக்கொண்டே அதைச் சுமந்து வந்தார்கள். ஊரே கூடத்தில் நின்றது. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்தார். மைனி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

‘ஏட்டி, எங்க மாட்ட?’

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். விடையை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். மைனி, அவர் படைத்த ஆறும் கடலும் இந்தக் கதவு முழுவதும் தெரிகின்றன; அதைவிடப் பெரிய படம் இந்த வீட்டுக்குத் தேவையில்லை என்றேன். நல்ல வாக்கியம். இப்போதும் அதை நான் திருத்த மாட்டேன்.

மைனி ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ‘ஆத்துக்குச் செவப்பு பல்பு போடுவியா?’ என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாமியார் இளையவர், இங்கிதம் தெரிந்தவர். படத்தை வாங்கிச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்து, ‘ஆண்டவர் தரையில ஒக்காந்து பழக்கமில்ல, டீச்சர். பரவாயில்ல, பழகிக்குவாரு’ என்று சொல்லிவிட்டுச் செபத்தை முடித்தார். சாப்பாடு முடிந்ததும் மைனி படத்தைத் திரும்ப எடுத்துப்போனார். கனம் என்பதால் கஸ்பார்தான் சுமந்தார். போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, ‘சோறு இருக்கா?’ என்று மட்டும் கேட்டார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. ஊர் மட்டும் பேசத் தொடங்கியது. சாமிக்கு இடமில்லாத வீடு என்றார்கள். நான் கவலைப்படவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். வாசகம் வாசிக்கிறேன். ஆண்டவர் என் சுவரைப் பார்த்தா என்னை எடைபோடப் போகிறார்?

இங்கே குடிவந்த பிறகு நல்லபடியாகவே இருந்தோம். அவருடைய சட்டை மட்டும் ஒரு தொல்லை. சன்னல் தாழ்ப்பாளில் மாட்டுவார். எடுத்து அலமாரியில் வைப்பேன். குளியலறைக் குழாயில் மாட்டுவார்; எடுத்து வைப்பேன். ஒருநாள் இந்தக் கண்ணாடிக் கதவின் பிடியில் மாட்டியிருந்தார். ஆறு பாதி, சட்டை பாதி. அவராகவே எடுத்துக்கொண்டு, ‘கழுவிக் கவுத்துன சட்டி கணக்கா இருக்கு டீச்சர் ஒன் வீடு. பாக்க நல்லாத்தான் இருக்கு. என்னத்தயாச்சும் உள்ள போடலாம்னா கவுந்துல்லா கெடக்கு’ என்றார். நானும் சிரித்தேன். நான் சிரிப்பேன், ஊரார் நம்ப மாட்டார்கள்.

ஒரு நிமிடம். முதல் வரைபடத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். என் மூக்குக்கண்ணாடி… இங்கேதான் வைத்தேன். இந்தக் கதவுக்குப் பின்னால்… இல்லை, இது பாத்திரம். இது போர்வை. பொறுங்கள், அதை நீங்கள் திறக்க வேண்டாம். எல்லாக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒழுங்கற்ற வீட்டில் பொருள் தொலைந்துபோகும். ஒழுங்கான வீட்டில் அது தன் இடத்தில் காத்திருக்கும். எந்த இடம் என்பதை மட்டும் நாம்… அடுப்பங்கரையிலா? ஓ, சன்னல் விளிம்பில். நன்றி. உங்களுக்கு நல்ல கண்.

அவர் இங்கே இருந்தபோது அவர்தான் எடுத்துத் தருவார். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். ‘கடல்ல போன நங்கூரத்தத் தேடி எடுத்திருக்கேன் டீச்சர். ஒன் கண்ணாடியத் தேடுறதுதான் பெரும்பாடு’ என்பார். பேச்சுக்குச் சொல்வார்.

சரி, ஆணிக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. வரிசைப்படி சொல்வது என் பழக்கம் என்பதால் அதையும் சொல்கிறேன். மற்றபடி அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்று பூசையில் முதல் வாசகம் என்னுடையது. புறப்படும்போது கண்ணாடியைக் காணோம். அவர் எனக்கு முன்பே கோயிலுக்குப் போயிருந்தார். தேடினேன். மணி அடித்துவிட்டது. இல்லாமலேயே போய்விட்டேன். வாசக மேடையில் ஏறி நின்றேன். அந்தக் கோயிலில் வெளிச்சம் போதாது. அச்சும் மிகப் பொடி. முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிறாற்போல இருந்தது. கோயில் முழுவதும் காத்திருந்தது. பிறகு, என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி எழுந்து வந்து, ‘நான் வாசிக்கேன் டீச்சர்’ என்று மெல்லச் சொல்லி, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். நான் இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்தே உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. வீடு திரும்பும்போதும் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசாததற்காக அவரை மதித்தேன். நல்ல அச்சுப் புத்தகம் வாங்க வேண்டும் என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் நான் தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தெருவிலேயே கேட்டது. டொக், டொக், டொக். என் வீட்டிலிருந்து.

உள்ளே வந்தேன். வாசலை ஒட்டி, அதோ, அந்த இடத்தில், சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். ஆணி முழுவதும் இறங்கி, தலை மட்டும் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கீறல், முடி போல, கீழ்நோக்கி ஓடியிருந்தது. கூழாங்கல்லால் தேய்த்த சுவர். இன்னொரு கையில் ஒரு நைலான் கயிறு, இரண்டு முனையிலும் சின்னச் சின்னச் சுருக்கு முடிச்சு. இப்படி ஏதாவது கயிற்றுத் துணுக்கு எப்போதும் அவர் கையில் இருக்கும், கப்பல் பழக்கம். கணக்குக்கு விடை கண்டுபிடித்துவிட்ட பள்ளிக்கூடப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டேன். உங்கள் அக்காள் படத்தைக் கொண்டுவந்து மாட்டத்தானே இந்த ஏற்பாடு? நேரில் கேட்கத் துணிவில்லாமல், நான் இல்லாத வேளை பார்த்து அடித்தீர்கள் என்றேன். இன்னும் சில வாக்கியங்கள் சொன்னேன். எல்லாம் சரியான வாக்கியங்கள். இந்த வீட்டை நினைத்தபடி கட்டிக்கொள் என்று வாக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன். உங்கள் கை பட்ட எந்தச் சுவரும் சுவராக இருக்காது என்றும் சொன்னேன். அது சற்று மிகை.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஆணியை ஒருமுறை பார்த்தார். ‘படம் மாட்டுற ஒசரமா இது, டீச்சர்?’ என்றார்.

அப்படியானால் உங்கள் சட்டைக்கு என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கயிற்றைச் சமையல் மேடையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ‘எங்க அய்யா மண்ணு இது. அதுல ஒரு ஆணிக்கு எடமில்லன்னா எனக்கு மட்டும் எங்க இருக்கப்போகுது?’ என்று, சத்தமே இல்லாமல் சொல்லிவிட்டு, வெளியே போனார். அக்காள் வீட்டுக்குத்தான் போனார். அந்த வீட்டுச் சுவரில் வேண்டிய மட்டும் ஆணி உண்டு. மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்தேன்.

எங்கள் மகள் பெலிசியா மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் அழுகிறாள். ‘ஒரு ஆணிக்காகவாம்மா?’ என்கிறாள். ஆணிக்காக இல்லை. உனக்குப் புரியாது, நீ விடுதியில், தனி அறையில் வளர்ந்தாய் என்றேன். சாமியார் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவரைத் திரும்ப வரச் சொல்லுங்கள் டீச்சர், அது போதும் என்றார். போனவர் அவர், வருகிறவரும் அவர்தான். ஆணியைப் பிடுங்கிவிடுகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது. அவர் சொல்ல மாட்டார். ஆணி இருக்கட்டும், வாருங்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வருவார், நான் காப்பி கொடுப்பேன், இரண்டு பேரும் ஆற்றைப் பார்ப்போம். நீரேற்றம், நீரிறக்கம், எந்த வள்ளம் வந்தது, எது வரவில்லை, எல்லாம் பேசுவோம். இருட்டுவதற்கு முன் எழுந்து போய்விடுவார். நிலைப்படியில் குனிந்து போவார். இந்த வீட்டு நிலை அவர் உயரத்துக்குத் தாராளமானது. நான் கேட்டு உயர்த்தி வைத்தேன். ஆனாலும் குனிந்துதான் போகிறார்.

ஏன் நீங்களே பிடுங்கிவிடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பூச்சுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்டால் ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும் என்றார். ஒட்டுத் தெரிகிற சுவரைவிட ஆணி தெரிகிற சுவர் மேல். அதனால் அனுப்பிவிட்டேன். வேறு காரணம் இல்லை. துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கினால் பிடுங்கிவிடுவது என்று இருந்தேன். இந்த உப்புக் காற்றில் எந்த இரும்பும் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆனால் இது துருப்பிடிக்கவில்லை. செம்பு. வள்ளத்துக்குப் பலகை சேர்க்க அடிக்கிற செப்பு ஆணி. எங்கே போய்த் தேடி எடுத்தாரோ, சாதாரண ஆணி கையில் கிடைக்கவில்லை போலும். களிம்பு பிடிக்கக் கூடாது என்பதற்காகப் புளி போட்டுத் துடைத்து வைக்கிறேன். அதைச் சுவருக்காகச் செய்கிறேன்.

எழுந்து கிட்டப் போய்ப் பாருங்கள். கீறல் தெரிகிறதா? நன்றாகத் தெரியும். ஆணி அடித்த உயரத்தையும் பாருங்கள். ஆறடி உயரமுள்ள மனிதர் தமக்கென்று அடித்த ஆணி, அவருடைய மார்புக்கும் கீழே நிற்கிறது. சட்டையை மாட்டினால் தரையைக் கூட்டும். ஓர் ஆணியைக்கூட உரிய உயரத்தில் அடிக்கத் தெரியவில்லை. நான் கையை உயர்த்தாமலே அதைத் தொட்டுவிடலாம். இதோ. பார்த்தீர்களா? கையை உயர்த்தவே இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன கேட்டீர்கள்? சுருக்குக் கயிறா? அதுவா… அது இந்த இழுப்பறையில்தான் கிடக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை; நல்ல கயிறு. இரண்டு பக்கமும் சுருக்கு இருக்கிறது, ஆமாம். இறுக்கினால் இறுகும். காம்பு போன்ற எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆமாம். கண்ணாடிக் காம்பிலும் மாட்டலாம்தான். எதில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்றுதானே சொன்னேன்.

உங்கள் கணவர் கூப்பிடுகிறார் போலிருக்கிறது. இல்லையா? சரி.

கேளுங்கள், ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். யார் வந்து என்ன சொன்னாலும், உங்கள் சுவர் உங்கள் சுவர். நான் கட்டியது சரியான வீடு. இதில் ஒரு கல்லையும் மாற்ற மாட்டேன். மைனி வரட்டும், சாமியார் வரட்டும், மஸ்கட்டிலிருந்து மகள் வரட்டும், இதையேதான் சொல்வேன். ஒருவர் ஒன்றைச் செய்தால், இன்னதற்காகச் செய்கிறேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தார் என்கிறீர்கள். எடுத்தார். மறுக்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டேன் என்று நானே சொன்னேனே, நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பேசத் தொடங்கியதை முடித்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? ஒரு வாக்கியந்தானே.

அதோ, தெரு முனையில் வருகிறார். வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசிக்கொண்டுதான் வருவார், நேரம் இருக்கிறது. நீங்கள் இருந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள். ஆற்றைப் பற்றி அவரிடம் கேளுங்கள், நன்றாகச் சொல்வார்.

அந்தப் பை தரையில் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் எறும்பு வரும். எடுத்து அதில் மாட்டுங்கள். ஆமாம், அதில்தான். வேறு எங்கே இருக்கிறது? விருந்தினர் பை, அவர் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கேட்க மாட்டார். பார்ப்பார், பார்க்கட்டும்.

சற்றுப் பொறுங்கள். பையை ஓரமாகத் தள்ளி மாட்டுங்கள். அந்தக் கயிற்றுக்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.